வாசலில் மாட்டிய படம்

பால் காய்ச்சிய அன்று ஹாலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று மலர்க்கொடியைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள். சோபாவின் நடுவில், இரண்டு பக்கமும் ஆளுக்கு இடமில்லாமல், தா.பழூரிலிருந்து வந்திருந்த பெரிய மாமனார் சாமிதுரை. மின்விசிறிக்கு நேர்கீழே பாயில் அவர் மனைவி சிந்தாமணி, மடியில் வெற்றிலைத் தட்டு. ஜன்னலோரம் பக்கத்து வீட்டு வேணுகோபால் சாரும் அவர் சம்சாரமும். மலர்க்கொடியின் கணவன் வேல்முருகன் வாசல் கதவில் சாய்ந்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். சமையலறைக் கதவோரம் நீல பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் சுகன்யா மேரி. மலர்க்கொடி உட்காரவில்லை. காபித் தட்டோடு நின்றாள்.

இவர்கள் எல்லோருக்கும் எதிரே, வெள்ளைச் சுவரில், அந்தப் படம் தொங்கியது.

மலர்க்கொடிக்குப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல் கடை. வீடு பூச்சுக்கு வந்த நாளிலிருந்து, ஹால் சுவருக்கு என்ன மாட்டுவது என்ற யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. அருவிப் படம் வேண்டாம், ஏழு குதிரைப் படமும் வேண்டாம். பிளவுசுக்குக் கொக்கி கட்டுகிற நேரத்தில் போனைத் தட்டிப் பார்த்ததில், உருவமே இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து வரைகிறவர்கள் கண்ணில் பட்டார்கள். சென்னையில் ஒருவர், கோவாவில் ஒருவர், பரோடாவில் ஒரு பெண். பெயர்களைக்கூடப் பாடம் பண்ணிவிட்டாள். ஒருநாள் குங்குமச் சிவப்பும் மயில்நீலமும் ஒன்றன்மேல் ஒன்று புரள்கிற படம் ஒன்று வந்தது. கீழே ஊர் பார்த்தாள். அரியலூர்.

அடுத்த ஞாயிறே பஸ் ஏறிவிட்டாள். சுகன்யா மேரி ஏலாக்குறிச்சிக்காரி. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தாள். வாடகை வீட்டின் பின்கட்டு முழுக்கப் படங்களைச் சாய்த்து வைத்திருந்தாள். சிவப்பும் நீலமும் புரள, ஓரத்தில் கிளிப்பச்சை ஒரே கீற்றாய் இறங்கிய பெரிய படத்தின் முன்னால் மலர்க்கொடி நின்றுவிட்டாள்.

"டீச்சர், இது என்ன படம்னு கேக்கலாமா?"

"ஒண்ணும் இல்லக்கா. நிறந்தான்."

"சாயங்காலம் கடைய சாத்துறப்ப என் வெட்டு மேசைக்கு அடியில இப்பிடித்தான் கெடக்கும். பெருக்க மனசு வராது."

சுகன்யா மேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசத்துல யாரும் எங்கிட்ட இப்பிடிச் சொன்னதில்லக்கா."

படத்தைத் துணியில் சுற்றி வேனில் ஏற்றிவிடும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "என் படமெல்லாம் மெட்ராஸ்ல ஓட்டலு, ஆபீஸுன்னு போயிருக்கு. நம்ம பக்கத்துல ஒரு வூட்டுச் சுவத்துல மாட்டி நான் பாத்ததே இல்ல. பால் காய்ச்சுறப்ப கூப்புடுங்கக்கா. ஒரு ஓரமா ஒக்காந்து பாத்துட்டுப் போயிடுறேன்."

அதற்குத்தான் வந்திருந்தாள். ஓரமாகத்தான் உட்கார்ந்தாள்.

முதலில் வாயைத் திறந்தவர் சாமிதுரை. "ஏம்மா மலரு, பெயிண்டு அடிச்ச பயலுவ பிரஷ்ஷத் தொடச்ச துணிய அப்படியே மாட்டிட்டுப் போயிட்டானுவளா?"

"வந்ததுலேருந்து மூக்கு எங்க, முழி எங்கன்னு நானும் தேடுறேன்" என்றாள் சிந்தாமணி.

"மாடர்ன் ஆர்ட்டுங்க. தலைகீழா மாட்டுனாலும் வித்தியாசம் தெரியாது" என்றார் வேணுகோபால் சார். ஹாலே சிரித்தது.

'வரைஞ்சவங்க இந்தா ஒக்காந்திருக்காங்க மாமா.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் தளம் போட்ட முதல் வீடு அது. சாமிதுரையின் சிரிப்பு தா.பழூர் போய், அங்கிருந்து எல்லாக் கல்யாண வீட்டுப் பந்திக்கும் போகும். மருமவ பெயிண்டுத் துணிய மாட்டி வெச்சிருக்கா என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். மலர்க்கொடி சிரித்தாள்.

"திருஷ்டிக்கு மாமா. பாக்குறவங்க கண்ணு மொதல்ல அதுல போயி முட்டிக்கும்ல?"

"அதானே பாத்தேன்! கெட்டிக்காரி. திருஷ்டிக்குன்னா உள்ள ஏன் மாட்டியிருக்க? டேய் வேலு, ஏணிய எடு."

யாரும் தடுப்பதற்குள் படம் சுவரை விட்டு இறங்கி வாசலுக்குப் போய்விட்டது. முகம் வரைந்த பூசணிக்காய்க்குப் பக்கத்தில், போர்ட்டிகோ கம்பியில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார்கள். சுகன்யா மேரி எழுந்து வந்தாள்.

"இறுக்கிச் சுத்தாதீங்கய்யா, துணி கிழிஞ்சிரும்."

"கிழிஞ்சா என்னம்மா, அமாவாச வந்தா கொளுத்தப்போறதுதானே. நீ யாரு, மலரு கடையில தைக்கிற பொண்ணா?"

சுகன்யா மேரி மலர்க்கொடியைப் பார்த்தாள். மலர்க்கொடி காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முதுகுக்குப் பின்னால் சுகன்யா மேரியின் பதில் கேட்டது. "தெரிஞ்சவங்கய்யா."

சாப்பிட்டாள். இலையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. "வரேங்கக்கா" என்றாள். கேட்டைத் தாண்டும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆவணி வெயில் அந்த வீட்டுக்கு மேற்கிலிருந்து நேராக அடிக்கும். தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் சிவப்பின் மேல் ஒரு பூச்சு வெள்ளை ஏறும். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகினாள் மலர்க்கொடி. ஒருநாள் மனது கேட்காமல் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்க வந்த வாய், நலம் விசாரித்தது. சுகன்யா மேரியே எடுத்துக்கொடுத்தாள்.

"பரவால்லக்கா, விடுங்க. மழ மட்டும் படாமப் பாத்துக்குங்க."

திட்டியிருந்தால் திரும்பப் பேசியிருக்கலாம். 'பரவால்ல'வுக்கு என்ன பதில் சொல்வது? அன்றைக்கு வெட்டிய பிளவுசில் இரண்டு கையும் இடது கையாகப் போனது.

படத்தை உள்ளே எடுத்துவிடலாம் என்றால் அதுவும் லேசில்லை. திருஷ்டி என்று ஒருமுறை வாசலில் கட்டிய பொருளை உள்ளே கொண்டுவரக் கூடாது. ஊர்க் கண்ணெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும். அமாவாசையில் பூசணிக்காயை முச்சந்தியில் உடைக்க வேண்டும், படத்தைக் கொளுத்த வேண்டும். அவள் வாயாலேயே சொன்ன ஒரு வார்த்தை, படத்தைச் சுவருக்கும் இல்லாமல் அவளுக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டது.

புரட்டாசி அமாவாசை காலையில் சாமிதுரை புதுப் பூசணிக்காயோடு வந்து இறங்கினார். முந்தின நாள் சாயங்காலத் தூறலில் கிளிப்பச்சைக் கீற்றின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. "மலரு, தீப்பெட்டி கொண்டா" என்றார்.

மலர்க்கொடி கொண்டுவந்தது கடைக் கத்திரிக்கோல். கம்பிக்கு வைத்தால் முனை போய்விடும் என்று துணிக்குத் தவிர வேறெதற்கும் அவள் தொடாத கத்திரிக்கோல். ஸ்டூலில் ஏறிக் கட்டுக்கம்பியை வெட்டினாள்.

"கொளுத்த வேணாம் மாமா. இது திருஷ்டிப் படம் இல்ல."

"என்னது?"

"என் வூட்டுக்குன்னு தேடிப்போயி ஆசையா வாங்குன படம். நீங்கள்லாம் சிரிச்சதும் வாய்க்கு வந்த பொய்யச் சொல்லிட்டேன். கம்பிய இறுக்காதீங்கன்னு சொன்னாங்களே, நீல சேர்ல ஒக்காந்திருந்தவங்க, அவங்கதான் இத வரைஞ்சது."

சாமிதுரை பூசணிக்காயைத் தரையில் வைத்தார். "அந்தப் பொண்ணா? அது முன்னாடியா நான் பிரஷ்ஷு தொடச்ச துணின்னேன்?"

"ஆமா மாமா."

"என்னையவும்ல பாவியாக்கிட்ட! ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எம் மருமவ புதுசா ஒரு திருஷ்டி கண்டுபுடிச்சிருக்கான்னு. ஒருத்தன் அதே மாதிரி தனக்கும் ஒண்ணு வேணுங்கிறான்."

சிரிப்பு வர வேண்டிய இடம். மலர்க்கொடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டப் போனாள்.

"அதெல்லாம் சரி, உள்ள கொண்டு போவாத. பொய்யோ நெசமோ, கட்டுனது கட்டுனதுதான். அது உள்ள இருந்தா நான் படி மிதிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் நின்றாள். பிறகு உள்ளே போனாள். வேல்முருகன் பின்னாலேயே வந்து, படத்தின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல நீ" என்றான்.

"உங்களுக்குந்தானே தெரியும்?"

"தெரியும். ஏணிய எடுத்துக் குடுத்ததே நாந்தானே" என்றான், ஆணியைப் பார்த்தபடி.

சாமிதுரை காபியைப் போர்ட்டிகோவில் நின்றபடியே குடித்தார். தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஈரத்துணியால் தூசி போனது. சுண்ணாம்புத் தடம் போகவில்லை. கம்பி அறுத்த மூலையில் ஒரு கீறல், விரல் நீளத்துக்கு. தையல்காரிதான்; ஆனால் அந்தத் துணியில் ஊசி வைக்க அவளுக்குக் கை வரவில்லை.

போன் போட்டால் மறுபடியும் 'பரவால்லக்கா' என்று வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் மலர்க்கொடி கடையில் உட்கார்ந்து வெள்ளைத் தாள் எடுத்தாள். பத்தாவதோடு நின்றுபோன கையெழுத்து. எழுதினாள், கிழித்தாள், எழுதினாள்.

"மதிப்புக்குரிய சுகன்யா மேரி டீச்சருக்கு, மலர்க்கொடி எழுதுவது. அன்றைக்கு உங்கள் எதிரிலேயே உங்கள் படத்தைத் திருஷ்டிப் படம் என்று சொன்னேன். நீங்கள் யார் என்று மாமா கேட்டபோது, தெரிந்தே சமையலறைக்குள் போய்விட்டேன். பயந்தேன் என்பது தவிர என்னிடம் காரணம் இல்லை. இன்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். படம் உள்ளே, அதே ஆணியில் இருக்கிறது. இடது மூலையில் கிழிந்திருக்கிறது, பச்சையில் சுண்ணாம்புத் தடம் இருக்கிறது. என்னால்தான். என்னிடம் விட்டுவைக்க மனமில்லாவிட்டால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்."

நான்காய் மடித்து உறையில் போட்டாள். கடையில் இருந்த பசையைத் தடவி, துணி மடிப்பை அழுத்துவதுபோலக் கட்டைவிரலால் நீளவாக்கில் அழுத்தினாள். முகவரியை எழுத்துக்கூட்டி இருமுறை படித்தாள். மதியத் தபால் எடுப்பதற்குள் போக வேண்டும் என்று, அளவு கொடுக்க வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து போய்ச் சிவப்புப் பெட்டிக்குள் கையை விட்டுக் கடிதத்தைப் போட்டாள்.