கெளுத்தி விழுங்கிய ரொட்டி

குளத்தைச் சுற்றி மெதுவாக நடந்தால் போதும் என்று மருத்துவச்சி சொன்னதிலிருந்து மஸ்துராவுக்குக் கொண்டாட்டம்தான். வயிற்றில் பிள்ளை வந்ததால் வீட்டு வேலை பாதியாகக் குறைந்தது. கேள்வி கேட்கவும் ஒரு ஆள் கிடைத்தார், மாமனார் துர்திபாய். தாஷ்கண்டில் வளர்ந்த மருமகள் சேற்றில் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அவரே துணைக்கு வந்தார்.

"மாமா, அந்த நீலக் குருவிக்குப் பேரு என்ன?"

"குருவி."

"அது தெரியுது. என்ன குருவி?"

"நீலக் குருவி. கீழ பாத்து நடம்மா."

மல்பெரி மரங்களைத் தாண்டி நாணல் பக்கம் வந்தபோது தண்ணீரில் 'தொளக்' என்று ஒரு சத்தம். மஸ்துரா அப்படியே நின்றுவிட்டாள்.

"அது கெளுத்திக் கிழவன்" என்றார் துர்திபாய். "ஆட்டுக்குட்டி அளவு இருப்பான். இந்த வருஷம் தூண்டில்ல மாட்டாம விடமாட்டேன்."

"நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"ஊரே பாத்திருக்கு."

"நீங்க?"

அவர் தோளில் தொங்கிய துணிப்பையை எடுத்தார். காய்ந்த ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம், மீனுக்குப் போட்டால் புண்ணியம். கிழவனை வெளியே வரவைத்து மருமகளின் வாயை அடைக்க நினைத்தவர், கண்ணைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டுப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். கடைசியில் ஒரு பெரிய துண்டு. அதையும் வீசினார்.

அது மிதந்து திரும்பியபோது அதன் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி தெரிந்தது. நடுவில் ஒரு பல்லின் இடம் மட்டும் விட்டுப்போயிருந்தது. மஸ்துராவின் கணவன், முன்பல் ஒன்று இல்லாத எல்பெக், ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று கடித்த ரொட்டி அது. ஊரை விட்டுப் போகிறவன் ஒரு வாய் கடித்து வைத்தால், மிச்சத்தைத் தின்னத் திரும்பி வருவான். அதனால்தான் மாமியார் அதை ஒரு துணிப்பையில் போட்டுச் சமையலறை ஆணியில் பத்திரமாக மாட்டி வைத்திருந்தாள். நேற்று சுவருக்கு வெள்ளையடிக்கக் கழற்றிய பையும் மீன் ரொட்டிப் பையும் ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மாமா பையை மாற்றி எடுத்து வந்துவிட்டார்.

"மாமா! அது அவரோட ரொட்டி!"

துர்திபாய் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அதற்குள் நாணலடியில் அலை எழும்பியது. இரண்டு நீண்ட மீசை, நடுவில் தாம்பாளம் போல ஒரு வாய். ரொட்டி போயே போய்விட்டது.

கிழவனைப் பார்த்தாகிவிட்டது. யாருக்கு வேண்டும்?

துர்திபாய் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக மகனிடமிருந்து போனும் இல்லை. "உன் மாமியாருக்கு நான் எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? நானே எம் பையனோட வழிய அடைச்சிட்டேனே."

மஸ்துரா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ரொட்டி தொலஞ்சா போச்சு? எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும்ல?"

"மீன் வயித்துல இருக்கு."

"அங்கயே இருக்கட்டும். அவர் வந்து அந்த மீனைச் சாப்பிட்டுக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கரையில் இரண்டு பேர் தூண்டிலோடு நிற்பதைப் பார்த்ததும் துர்திபாய்க்குக் கோபம் தலைக்கேறியது. "ஓடுங்கடா! கெளுத்தியத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்! அதுக்குள்ள எம் மகனோட ரொட்டி இருக்கு!" என்று கத்தியது ஊர்க்கோடி வரை கேட்டது.

வீட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் அவர்கள் நடக்கக் கிளம்பியபோது மாமியாரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தாள். நாணல் பக்கம் வந்ததும் மடியிலிருந்து ரொட்டியை எடுத்தாள். தந்தூரிலிருந்து அப்போதுதான் எடுத்தது, சூடு ஆறவில்லை. பிய்த்துத் தண்ணீரில் போட்டாள்.

"நல்லா சாப்பிடு" என்றாள் தண்ணீரைப் பார்த்து. "அவன் வர்ற வரைக்கும் செத்துகித்துத் தொலஞ்சிடாத."