பத்தாவது பயனாளி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். புதுக் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவர உதவும் அரச திட்டம் ஒன்று, தன் ஆண்டு மலருக்கு ‘வெற்றிக் கதை’ எழுதித் தரும்படி என்னைக் கேட்டது. தொள்ளாயிரம் சொல், சிரித்த முகத்தோடு ஒரு படம், பயனாளி சொன்னதாக இரண்டு வரி. நான் போய்ப் பார்த்த பயனாளியின் வீட்டில் ஆள் இல்லை. (ஆள் இல்லை என்பதைப் பற்றித்தான் மிச்சக் கதை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘யாழ்ப்பாண மண்ணில் புத்தாக்கத்தின் விதை—’ அடித்துவிட்டேன். அடுத்தது: ‘பட்டப்பகலில் அந்தக் கிணற்றுக்குள் யாரோ—’ அதையும் அடித்தேன். வந்தவுடனேயே உங்களைப் பயமுறுத்துவது மரியாதையில்லை. கஜந்தினியிலிருந்து தொடங்குவதே ஒழுங்கு.

2

கஜந்தினி உடுவில்காரி, அந்தத் திட்டத்தின் கள உத்தியோகத்தர். முதல் பிரதியில் அவளைக் கோப்பைத் தூக்கி மூலையில் எறியும் ஆளாக எழுதினேன். அரச ஊழியரைத் திட்டினால் வாசகர் கைதட்டுவார்கள் என்ற பேராசை. உண்மையில் அவள் அப்படியில்லை. பட்டறையில் பிறந்த நல்ல பொருள்கள் கடைக்கு வரும் வழியில் செத்துப்போவதை நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவள். ஒன்றாவது கரைசேரவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அந்த ஒன்று அம்ஜத்தின் கருவி என்று நம்பினாள். அம்ஜத்துக்கு முப்பத்திநான்கு வயது. பெற்றோர் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர். தொண்ணூறாம் ஆண்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி முஸ்லிம் சனத்துக்குச் சொல்லப்பட்டபோது புத்தளம் போனவர்கள். அம்ஜத் அங்கே பிறந்து, ஐந்து வருடத்துக்கு முன் இங்கே வந்து போன் திருத்தும் கடை போட்டவன். அவன் செய்த குழாயைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டால், நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும். தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் உவராகும் முன்னரே ஆட்களுக்குத் தெரிந்துவிடும்.

திட்டத்தின் விதி: பத்துக் கிணறு, மூன்று மாதம், பயனாளிகளின் பெயர் விபரம். அளவுகள் சரியென்றால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாமல் எந்தக் கடைக்காரனும் தொடமாட்டான். அரியாலையிலும் உடுவிலிலும் ஒன்பது வீட்டுக்காரர் ஓம் என்றார்கள். பத்தாவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அம்ஜத், பட்டினத்தில் பூட்டிக் கிடந்த பெரியவாப்பா (வாப்பாவின் அண்ணன்) வீட்டுக் கிணற்றில் இறக்கிவிட்டு, காணி உறுதியில் இருந்த பெயரையே படிவத்தில் எழுதினான். யூசுப். வீட்டில் ஆளில்லை என்பதைக் கஜந்தினிக்குச் சொல்லவில்லை. ஆளில்லாத கிணறு அசையாமல் நிற்கும், மற்றவற்றோடு ஒப்பிட நல்லது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான்.

3

மூன்று மாத வரைபடங்களையும் கஜந்தினி அலுவலக மேசையில் விரித்து வைத்துப் பார்த்தாள். ஒன்பதும் தாறுமாறு. ஒருநாள் இறைப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். பத்தாவது மட்டும் கோடு போட்டது மாதிரி. ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், மட்டம் இறங்கியது. இரண்டு வாளித் தண்ணீர். மாலை நேரத்து இறக்கம் சில நாளைக்கு ஒருமுறை ஒரு நிமிடம் பிந்திக்கொண்டே போனது. அதை அவள் கருவியின் சிறு பிசகென்று குறித்துக்கொண்டாள்.

‘மிக ஒழுங்கான பயனாளி’ என்று அறிக்கையில் எழுதினாள். சான்றிதழ் கொடுக்கும் குழுவும் அந்தக் கிணற்றையே முன்மாதிரிக் கிணறாகத் தெரிந்தெடுத்தது. அந்த மேசையைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் அந்த ஐந்து நேரம் எதுவென்று பிடிபடவில்லை. பிடிபடக்கூடியவர்கள் ஒருவரும் அந்த மேசையில் இருக்கவில்லை.

குழுவின் கடிதத்தோடும் வரைபடத்தோடும் அம்ஜத்தின் கடைக்குப் போனாள். பத்துக் கிணற்றுச் செய்திகளையும் திறந்து பாராமலே அலுவலகத்துக்கு அனுப்பி வந்தவன், அப்போதுதான் வரைபடத்தைப் பார்த்தான், அப்படியே கதிரையில் இருந்துவிட்டான்.

“அது தொழுகை நேரம், மிஸ். வுழு எடுக்கிற தண்ணி.”

தொழ முன் முகம் கை கால் கழுவுகிற தண்ணீர். சூரியன் பிந்தி இறங்க, அந்தி நேரத்துத் தொழுகையும் பிந்தும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் ஆளில்லை என்பதையும் சொன்னான். தொண்ணூறில் யூசுப், தம்பி குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்போடு பின்னால் வருவதாகச் சொன்னார். அவர் வந்து சேரவேயில்லை.

கஜந்தினிக்குக் கோபம் வந்தது. நம்பிக் கெட்டேன் என்று நினைத்தாள். கோபம் இறங்கியபோது வரைபடத்தை மறுபடி எடுத்து, ஐந்து இறக்கங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

4

இங்கே நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அடுத்த பள்ளிவாசலின் மோட்டார் ஐந்து நேரமும் ஓடுகிறது, கீழே சுண்ணாம்புக் கல், ஊற்று ஒன்றாக இருக்கலாம் என்று ஒரு பந்தி எழுதினேன். நிம்மதியாக இருந்தது. கஜந்தினி போய் விசாரித்தாள்: அங்கே விடியற்காலை ஒருமுறைதான் மோட்டார் போடுவார்கள். என் பந்தி பாழாயிற்று.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கஜந்தினியும் அம்ஜத்தும் அந்த வீட்டுக்குப் போனார்கள். கூரை விழுந்து, கூடத்துக்குள் முருங்கை வளர்ந்திருந்தது. கிணற்றில் துலாவும் இல்லை, கயிறும் இல்லை, வாளியும் இல்லை. கஜந்தினி அளவு நாடாவில் கல்லைக் கட்டி இறக்கி மட்டத்தைக் குறித்தாள். பிறகு காத்து நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பன்னிரண்டு இருபதுக்குத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. சற்று நேரத்தில் அம்ஜத்தின் போன் அதிர்ந்தது. அவள் மறுபடி நாடாவை இறக்கினாள்.

இரண்டு நூல் குறைந்திருந்தது. கிணற்றுக் கட்டில்—

(இல்லை. அங்கே ஈரம் இருந்தது என்று எழுத என் கை போகிறது. இருக்கவில்லை. தண்ணீர் குறைந்திருந்தது, கட்டோ காய்ந்துதான் கிடந்தது. அதனால்தான் கஜந்தினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.)

5

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, இவர்களுக்கு அந்தச் சுகம்கூட இல்லை. பூதத்தைத் துரத்தினால் கிணறும் போய்விடும். பத்தாவது கிணற்றின் அளவு பொய்யென்றால் கருவியே பொய், மற்ற ஒன்பதும் செல்லாது. அளவு மெய்யென்றால், யூசுப் முப்பத்தைந்து வருடமாக அங்கேதான் இருக்கிறார்.

வீட்டில் ஆளில்லை என்பதைக் கஜந்தினி குழுவுக்கு எழுதினாள். ‘கிணறு பாவனையில் உள்ளது’, அதாவது தண்ணீர் அள்ளப்படுகிறது, என்றும் சேர்த்தாள். திங்கட்கிழமை வந்து அளப்போம் என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்ஜத் புத்தளத்துக்குப் போன் எடுத்து வாப்பா பாயிஸிடம் கதைத்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு சொன்னாராம்: “நாங்கள் எல்லாரும் சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டம் எண்டு நானாவிட்டைச் சொல்லிப்போடு, மகன். அவருக்கு அது தெரியாது.”

சொன்னால் அந்த அண்ணன் யூசுப் அள்ளுவதை விட்டுப் போய்விடுவார் என்று அம்ஜத் நம்பினான். கஜந்தினியும், சைவ சமயத்தவளாக இருந்தும், அதை நம்பினாள்.

“சொல்லிட்டீங்களோ?” என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

“இல்லை. திங்கள் முடியட்டும், மிஸ். முப்பத்தைஞ்சு வருசம் காத்திருந்தவர், ஒரு நாள் பொறுக்கமாட்டாரோ?”

அது பிழை என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு முழுக்கத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

6

திங்கள் பின்னேரம் குழு வந்தது. மூன்றரை மணிப் பாங்குக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள்; நாடாவும் கருவியும் ஒரே கணக்கைச் சொல்லின: இரண்டு நூல். பொறியியலாளர் மகிழ்ந்துபோனார். ஆளில்லாத வீட்டில் யார் அள்ளுகிறார்கள் என்று கஜந்தினியே கேட்டுவிட்டாள். தலைவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“அது இதிலை கேக்கேல்லைத் தானே, பிள்ளை.”

சான்றிதழ் உண்டு என்றார்கள். ஒரேயொரு நிபந்தனை: முன்மாதிரிக் கிணற்றின் பாவனை இரண்டு வருடத்துக்கு மாறாமல் இருக்கவேண்டும். நின்றுபோனால் சான்றிதழும் நிற்கும். ஒப்பந்தத்தை வாகனத்தின் முன்மூடியில் விரித்து, அம்ஜத்திடம் பேனாவைக் கொடுத்தார்கள்.

“ரெண்டு வருசமோ?” என்று அவன் கேட்டான். கஜந்தினியைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

7

அவன் கையெழுத்திடும் முடிவை எழுதிப் பார்த்தேன். கருவி கடைகளுக்கு வருகிறது, தோட்டங்கள் தப்புகின்றன. யூசுப் ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவிக்கொண்டு, தம்பி பிள்ளைகள் வழியில் என்ன ஆனார்களோ என்று தெரியாமல் நிற்கிறார். இரண்டு வருடம் முடிய, நிபந்தனையை நீடிக்கிறார்கள்.

அவன் கிணற்றடிக்கு நடந்துபோய்ச் சொல்லிவிடும் முடிவையும் எழுதினேன். தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கருவி அலுமாரிக்குப் போகிறது. அரியாலையில் ஒரு கிணறு உவராகிறது, ஒருவருக்கும் செய்தி வரவில்லை.

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் துணிவில்லை. பேனா இன்னும் அம்ஜத்தின் கையில் இருக்கிறது, வாகனத்தை இயக்கி வைத்துவிட்டுக் குழு காத்திருக்கிறது. அவனை எந்தப் பக்கம் நடக்கவைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சுறுக்காகச் சொல்லுங்கள். யூசுப் அடுத்தமுறை தண்ணீர் அள்ள இன்னும் மூன்று மணித்தியாலம்கூட இல்லை.