மஹய்யாவ நடுக்கடலில் கிடந்த மத்தியானம்

"நாலையும் ஒண்டா ஒரே போல்டரிலை போட்டுக்கொண்டு வாங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்..."

"ஒண்ணாவா மிஸ், இந்தக் காலத்துல யாராச்சும்..."

"துண்டிலை எழுதியும் தந்தனான், கறுப்பையா..."

"நாலு பேர ஒரே பஸ்ல ஏத்துவாங்களா, நீங்களே சொல்லுங்க."

"ஆக்கள் இல்லை, கோப்பு. உயிர் இல்லாத கோப்பு."

"உயிர் இல்லாட்டி என்னாங்க. வேணும்னுதானே கொழும்பு வரைக்கும் அனுப்புனீங்க."

கமலாசனி பேச்சை நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, புடவைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அந்தக் குழாய்த் தண்ணீர்ச் சங்கத்தின் அலுவலகம். கணினி தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். கறுப்பையா சங்கத்து வான் சாரதி. மஹய்யாவவில் கறுப்பையா வீட்டு முன்னறையில்தான் கமலாசனி வாடகைக்கு இருந்தாள். அந்த ஒழுங்கைக்கே ஒரு பொதுக் குழாய். அதிலும் விடியற்காலையில் மட்டும், மனம் இருந்தால் தண்ணீர் வரும். வாளியோடு வரிசையில் நின்று நின்று அவளுக்குத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கிவிட்டதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

இன்றைக்கு மூன்று மணிக்கு எஞ்சினியர் வீரசிங்கம் வருகிறார். புதுக் குழாய் மஹய்யாவவுக்கா, பல்லேகலப் பக்கத்துக்கா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பல்லேகலக்காரர் தங்கள் படத்தைக் கடதாசியில் அச்சடித்துச் சட்டம் போட்டே கொடுத்துவிட்டார்கள். மஹய்யாவவின் படமோ கொழும்புத் தலைமை அலுவலகத்துக் கணினியில் கோப்பாகக் கிடந்தது. கட்டுகஸ்தோட்டைத் தொலைபேசி லைன் மழையில் செத்துப்போனதால் இணையமும் இல்லை. ஆகவே கறுப்பையா போனான். வான் திருத்த விட்டிருந்ததால் பஸ்ஸில் போனான்.

ஒரு படத்துக்கு நாலு கோப்பு. வீடு, வாய்க்கால், ஒழுங்கை எல்லாம் கோடு கோடாக ஒன்றில் இருக்கும். எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணை இன்னொன்றில். பெயர்கள் மூன்றாவதில். இதையெல்லாம் பூமியில் எந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பது என்ற குறிப்பு நாலாவதில். நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், பைத்தன் என்ற கணினி மொழிக்காக யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக விட்டிருந்த லைப்ரரி என்னும் நிரல் தொகுப்பு அதைத் திறந்து வாசிக்கும். கமலாசனி அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதி, ஒரு மாதமாகத் தட்டிக் கொட்டிச் சரிசெய்து வைத்திருந்தாள்.

ஆனால் அது பஸ்களில் பொதிகள் வெடித்துக்கொண்டிருந்த வருஷம். தகப்பன் ஒரு பஸ், தாய் அடுத்த பஸ், பிள்ளையில் ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று சனங்கள் பழகியிருந்தார்கள். என்ன நடந்தாலும் குடும்பத்தில் ஒருவர் மிஞ்ச வேண்டும். கறுப்பையா கோப்புகளையும் ஒவ்வொன்றாக ஒவ்வொரு பென்டிரைவில் போட்டு அப்படித்தான் கூட்டிவந்தான்.

"சரி, ஆரார் எங்கை நிக்கினம்?"

"பெரிசு என்கிட்ட. ரெண்டாவது என் சம்சாரம் பாப்பம்மாகிட்ட, அடுத்த பஸ்ல வர்றா. பேரு உள்ளது கீழ்க் கடை மர்சூக் நானாகிட்ட. கடைக்குச் சாமான் எடுக்க வந்தவரு, ரயில் கோச்சியில வர்றேன்னாரு."

"நாலாவது?"

"அது ரொம்பக் குட்டிங்க. திறந்து பாத்தேன், ஒரே ஒரு வரிதான் இருந்திச்சு. அலைய வேணாம்னு கொழும்புலயே, கொட்டாஞ்சேனையில கொழுந்தியா வீட்டுல விட்டுட்டு வந்தேன். ஒண்ணாச்சும் பத்திரமா இருக்கட்டும்."

கமலாசனி அவன் கொண்டுவந்ததை மட்டும் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தாள். கூட வர வேண்டியதைக் காணோம், திறக்க மாட்டேன் என்று லைப்ரரி சிவப்பு எழுத்தில் ஒரு பக்கத்துக்குப் புலம்பியது.

"என்னாங்க சொல்லுது?"

"வீட்டிலை மற்ற ஆக்கள் எங்கை எண்டு கேக்குது."

"பாருங்க, அதுக்கே தெரியுது குடும்பம்னு."

பாப்பம்மா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். ரவிக்கைக்குள் கைவிட்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த பென்டிரைவை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

"மிஸ், இதுக்குள்ள என்னா இருக்குன்னு இந்த மனுஷன் சொல்லவே இல்ல. வரக்காப்பொலையில ஆர்மிக்காரன் பஸ்ஸ விட்டு எறக்கிச் செக் பண்ணுறப்போ என் நெஞ்சு அடிச்ச அடியில இது கெட்டுப்போயிருக்குமோன்னு பயமா இருக்கு."

கெடவில்லை. படம் திறந்தது. கோடு கோடாக ஒழுங்கை, பெட்டி பெட்டியாக வீடுகள். பெயர் ஒன்றும் இல்லை. அதோடு, பின்னால் விரித்திருந்த உலகப் படத்தில் மஹய்யாவ எந்த நாட்டிலும் இல்லாமல், பூமிக்கே வெளியில் வெள்ளையில் தொங்கியது.

"குட்டிக் கோப்பு இல்லாத குறை," என்றாள் கமலாசனி. "பறவாயில்லை, இடக் குறிப்பு எனக்கு ஓரளவு பாடம். நானே அடிக்கிறன்."

அடித்து முடிக்கவும் வீரசிங்கம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கித் திரையை நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, இது எவடம்?"

"மஹய்யாவ, சேர்."

"திருகோணமலைக்கு அங்காலை நடுக்கடல் மாதிரியெல்லோ கிடக்கு."

கடல்தான். நீலத்துக்கு நடுவில், கக்கூஸ் குழிகள் உட்பட, மஹய்யாவ ஒழுங்கை மிதந்துகொண்டிருந்தது.

"அங்கை தண்ணிக்குப் பஞ்சம் இல்லையே," என்றார் அவர். "நேவிக்காரர் கண்டால்தான் கரைச்சல்."

"ஐயா, நாங்க மலையில இருக்கோம்ங்க," என்றாள் பாப்பம்மா. "வேணும்னா வந்து பாருங்க, செருப்புக் கூட நனையாது."

"அம்மா, நான் கண்டுதான் வந்தனான். ஆனால் நாலு மணிக்கு அறிக்கை போகவேணும். அதிலை கடலுக்குக் குழாய் போடுறன் எண்டு எழுத ஏலாது. பல்லேகலப் படம் தரையிலை நிக்குது."

நாட்டுப் படத்தில் எந்த இடத்தையும் பீதுருதாலகால மலையிலிருந்து அளப்பார்கள். எந்த ஊருக்கும் கழித்தல் குறி வந்துவிடாதபடி இரண்டு பக்கமும் ஏதோ ஒரு பெரிய தொகையைக் கூட்டிவைப்பார்கள். அந்தத் தொகைதான் கமலாசனிக்கு மறந்துபோனது; அந்த இடத்தில் சைபர் போட்டிருந்தாள்.

"கறுப்பையா, உங்கடை கொழுந்தியாவுக்குக் கோல் எடுங்கோ."

கொழுந்தியா சிவமணி கொட்டாஞ்சேனையில், சனங்கள் போன் பேச வரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தாள். கைப்பையிலேயே கொண்டுவந்திருந்த பென்டிரைவைக் கடைக் கணினியில் செருகி, கைபேசியில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். கறுப்பையாவின் கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, இங்க ரெண்டு லட்சம்னு ஒண்ணு போட்டிருக்கு."

"சரி, பிறகு?"

"அப்புறம் இன்னொரு ரெண்டு லட்சம்."

"வடிவாப் பாத்துச் சொல்லும், ரெண்டும் ரெண்டு லட்சமோ?"

"ஆமாங்க. அக்கா, இங்க போன் பேச நிக்கிற ஐயா ஒருத்தரு சொல்றாரு, நாலு லட்சம் ரொம்ப அதிகமாம். யாரத் தூக்கிட்டுப் போயிருந்தாலும் பேசிக் கொறைக்கலாமாம்."

"ஒருத்தரையும் தூக்கேல்லை எண்டு சொல்லும்."

"சொன்னேங்க. எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்களாம்."

கமலாசனி இரண்டு இடத்திலும் இரண்டு லட்சத்தை அடித்தாள். மஹய்யாவ கடலை விட்டெழும்பி, ஒரே பாய்ச்சலில் கண்டிக்கு வந்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் தன் இடத்தில் சாதுவாகக் குந்திக்கொண்டது.

"கரை சேந்துட்டோம்," என்றான் கறுப்பையா.

"சேந்தது சரி," என்றார் வீரசிங்கம், மணிக்கூட்டைப் பார்த்து. "ஆனால் எது ஆருடைய வீடு? பேர் இல்லாத வீட்டுக்கு நான் குழாய் போடுறேல்லை."

அப்போதுதான் மர்சூக் நானா படியேறி வந்தார். கீழே உள்ள புடவைக் கடை அவருடையது. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க தங்கச்சி, சுணங்கிட்டு. ஸ்டேசன்ல ஆர்மிக்காரன் மறிச்சு, இதுக்குள்ள என்ன ஈக்கிண்டு கேட்டான். எனக்கென்ன தெரியும். அவனே கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தான். பாத்தா முழுக்கத் தமிழ் ஆக்கள்ட பேரு. பக்கத்துல ஒண்டு, சைபர், ஒண்டு, ரெண்டு எண்டு."

அந்த வருஷத்தில் தமிழ்ப் பெயர்ப்பட்டியலோடு பிடிபட்ட ஆட்களின் கதைகள் எல்லோருக்கும் தெரியும்.

"பொறகு?" என்றான் கறுப்பையா, குரல் இறங்கி.

"இந்த நம்பர் என்னண்டு பெரியவனக் கூப்பிட்டான். அவன் வந்து மேல இருந்த இங்கிலீசப் படிச்சான். டொய்லட் எண்டு ஈந்திச்சாம். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. இவ்வளவு ஆக்கள்ட கக்கூஸை எண்ணிக்கிட்டுத் திரியிறியே, வேற தொழில் இல்லையாண்டு கேட்டான். இல்லண்டு சொன்னேன். பாவம் எண்டு டீ தந்து அனுப்பினான்."

கமலாசனி சிரிக்கவில்லை. அவர் நீட்டிய பென்டிரைவை வாங்கிச் செருகினாள். பெயர்க் கோப்பு மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. லைப்ரரி இம்முறை முணுமுணுக்கவே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பெயர் எழும்பி வந்தது.

வீரசிங்கம் பேனையைத் திறந்தார். "குழாய் எவடத்திலை வரும்?"

"ஒழுங்கையிலை ஒண்டு, சேர். எல்லா வீட்டுக்கும் நடை தூரம் சமனா வாற இடத்தைப் புரோகிராமே பாத்து வைக்கும்."

அவள் ஒரு விசையைத் தட்டினாள். நீலப் புள்ளி ஒன்று ஒழுங்கையின் நடுவில் வந்து நின்றது. வீரசிங்கம் தலையாட்டினார். "மஹய்யாவ" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். குடையை எடுத்துக்கொண்டு, படத்தின் அச்சொன்று ஐந்து நிமிஷத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு, மர்சூக் நானாவோடு கீழே தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கறுப்பையா அச்சு யந்திரத்துக்குத் தாள் தேடினான். கமலாசனி கண்ணை மூடி, விடியற்காலை வரிசை இல்லாத ஒரு மஹய்யாவவை நினைத்துப் பார்த்தாள். நல்லாயிருந்தது.

பாப்பம்மா மட்டும் திரையை விட்டு அசையவில்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். விரலால் வீடு வீடாகத் தொட்டுக்கொண்டே போய், நீலப் புள்ளிக்கு நேர் எதிரே இருந்த பெயரில் நின்றாள். ராக்கம்மா. கொடியில் காய்ந்த சீலை ஒன்று காணாமல் போன நாளிலிருந்து பாப்பம்மாவோடு முகம் கொடுக்காத ராக்கம்மா. இனி ஒழுங்கை முழுக்க அவள் வாசலில்தான் வாளியோடு போய் நிற்க வேண்டும்.

பாப்பம்மா கமலாசனியின் கதிரைக்குப் பக்கத்தில் குனிந்து, புருஷனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஏங்க மிஸ், நீங்களும் எங்க வீட்டுலதானே குடியிருக்கீங்க, ஐயா மேல வர்றதுக்குள்ள அந்தப் புள்ளிய ஒரு நாலு வீடு மேல தள்ளிவிடுங்களேன்."