யோகலிங்கத்தின் மில் வளர்ந்த விபரம்

1962ஆம் ஆண்டு ஆடி மாதம் நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தபோது, மல்லாவியில் யோகலிங்கத்தின் நெல்லு மில் வெளியே அரைப் பரப்பும் உள்ளே பதினொரு பரப்பும் இருந்தது. அளவையாளர் இரண்டையும் தன் கொப்பியில் எழுதி, கையெழுத்து வைத்து, இளநீர் ஒன்று குடித்துவிட்டு வவுனியா பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். இரண்டில் எது பிழை என்று அவர் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, சங்கிலி புதுச் சங்கிலி என்று மட்டும் சொன்னாராம்.

யோகலிங்கம் அளவெட்டியிலிருந்து குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர். அரசாங்கம் கொடுத்த மூன்று ஏக்கர் வயலில் இறங்குவதற்கு அவருடைய உடம்பு இடங்கொடுக்கவில்லை. அது நோய் வருத்தத்தால் அல்ல, சாப்பாட்டால். ஆகவே வயலைக் குத்தகைக்கு விட்டு, யாரோ கழித்துவிட்ட எஞ்சின் ஒன்றை வாங்கி, ஐம்பத்தொன்பதில் மில் போட்டார். லொறி பின்பக்கமாக உள்ளே ஏறக்கூடிய இரட்டைக் கதவு வைத்தார். மல்லாவியில் அப்போது லொறி இருக்கவில்லை என்பதை ஊர் அவருக்கு எடுத்துச் சொல்லாமல் விடவில்லை. வேலைக்கு நாலு பேர்: எஞ்சினுக்கு அப்புத்துரை, அரிசி புடைக்க அன்னபாக்கியம், சாக்குத் தூக்க இருவர். மனைவி கமலாசனி மெலிந்த பெண். பத்து மணிக்கு ஒரு தரமும் பன்னிரண்டு மணிக்கு ஒரு தரமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். கலியாணம் முடித்து மூன்று வருடம், பிள்ளையில்லை. அதைப் பற்றியும் ஊருக்குக் கதை இருந்தது, இங்கே வேண்டாம்.

எல்லாம் ஒரு மனுவில் தொடங்கியது. கிராமச் சங்கம் நெல்லுக் குற்றுவதைத் தொல்லையும் ஆபத்தும் தரும் தொழில்களின் பட்டியலில் வைத்திருந்தது. அதற்கு ஒரு அனுமதிப் பத்திரம், எஞ்சினுக்கு வேறொன்று, வேலைக்கு நிற்கிற ஆட்களின் தலைக்கணக்குப்படி ஒரு வரி. வரியைக்கூட யோகலிங்கம் பொறுத்திருப்பார். பட்டியலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. “ஊருக்குச் சோறு போடுற என்னைப் பண்டி வளர்க்கிறதோட ஒரே வரியில எழுதியிருக்கிறாங்கள்” என்று தேத்தண்ணிக் கடையில் ஒரு மாதம் சொல்லித் திரிந்துவிட்டு, எம்.பி. சிற்றம்பலத்துக்குக் கடுதாசி எழுதினார். கடுதாசியின் கடைசியில், தன்னுடைய மில்லைப் பற்றிக் கொழும்பில் சபையில் பெயர் சொல்லிக் கதைக்கும்படி கேட்டிருந்தார். பெயர் சபைப் பேச்சுகளை அச்சடிக்கிற ஹன்சாட்டில் வந்தால் கண்ணாடி போட்டுக் கதவுக்கு மேலே மாட்டலாம் என்று மரச்சட்டத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் என்பது தச்சன் சொன்ன தகவல்.

சிற்றம்பலம் கோட்டில் வழக்குப் பேசுகிற புறக்டர். கொடுத்த வாக்கைப் பேச்சு என்ற அளவில் நிறைவேற்றுகிற மனிதர். கீழ்ச்சபையில் எழுந்து, வரியைக் குறைத்துவிட்டால் நாலு பேர் வேலை செய்கிற யோகலிங்கத்தின் மில்லில் நாற்பது பேர் வேலை செய்வார்கள் என்று பேசினார். மறுநாள் காலை அப்புத்துரை கதவடியிலிருந்து எஞ்சினுக்கு நடந்தபோது, வழக்கமாக ஒன்பது காலடி இருந்த இடத்தில் முப்பத்தொன்று இருந்தது. வெளியே சுவர் ஒரு விரலும் நகரவில்லை. யோகலிங்கம் தானும் நடந்து பார்த்து, மூச்சு வாங்க நின்று, “பேச்செண்டால் இதுதான் பேச்சு” என்றார்.

அடுத்த கிழமை மேல்சபையில் செனற்றர் மயில்வாகனம் பதில் சொன்னார். அவர் தொழில் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். நாற்பது பேர் என்றால் எண்பது கை, எண்பது கைக்கும் எஞ்சின் பெல்ற்றுக்கும் நடுவில் சட்டம் நிற்கவேண்டும், யோகலிங்கத்தின் மில்லைப் போன்ற இடங்களில் போக்குவரத்தை ஒடுக்கி ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். துணுக்காயில் ஒருவனுக்கு இரண்டு விரல் போயிருந்தது. ஆனால் அவர் பேசி முடித்த அன்று பின்னேரம் இரட்டைக் கதவு ஒற்றைக் கதவாக இருந்தது. பிணைச்சல், பூட்டு, பச்சைப் பூச்சு எல்லாம் அளவாகக் குறைந்து அழகாகவே இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் மில்லை விடவில்லை. ஒருவர் பேசினால் உள்ளே ஒரு அறை கூடும், மற்றவர் பேசினால் கதவு நாலு விரல் குறையும். கதவிலிருந்து எஞ்சினுக்குச் சாக்குக் கொண்டுபோக அரை மணித்தியாலம் எடுத்தபடியால் யோகலிங்கம் ஆட்களைக் கூட்டவேண்டி வந்தது. தூக்குகிறவர்கள் பதினெட்டுப் பேர், தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் மூன்று பேர், தண்ணீர்க்காரரைத் தேடுகிறவர் ஒருவர். அரைபடுகிற நெல்லு முன்னைய அளவுதான். வேலைவாய்ப்புப் பெருகியதைச் சிற்றம்பலம் சபையில் புள்ளிவிபரத்தோடு சொன்னார். மறுநாள் இன்னொரு அறை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை செனற்றர் நாற்பது நிமிடம் பேசினார். அந்த நேரம் யோகலிங்கம் உள்ளே நெல்லு நிறுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வெளியே வரப் பார்த்தபோது கதவு அவருடைய வயிற்றுக்குக் கொள்ளவில்லை. வேலையாட்கள் சரிந்து சரிந்து போய்வந்தார்கள். அவர்களில் கொழுத்தவர் எவரும் இல்லை. முதலாளி ஒருவர்தான் அகப்பட்டார். அதைக் கேட்டு முதல் நாள் ஊர் சிரித்தது. சாப்பாட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அவரும் குறைத்தார். கஞ்சியும் துவையலுமாக ஒரு மாதத்தில் இரண்டு அங்குலம் வற்றினார். அந்த மாதத்தில் கதவு மூன்று அங்குலம் வற்றியது.

சுவரை உடைக்காமல் விட்டார்களா என்று கேட்கவேண்டாம். அப்புத்துரை கிழக்குச் சுவரில் அலவாங்கால் குத்தினான். அலவாங்கு உள்ளே போய், மேற்குச் சுவரில் நுனி தெரிந்தது. நடுவில் நின்ற யோகலிங்கம் அதைக் காணவேயில்லை. உள்ளேயிருந்து அவர் உடைத்தார். உடைத்த ஓட்டைக்கு அப்பால் இன்னொரு அறை, அதே சுவர், சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. நாலு சுவர் உடைத்தார். பிறகு ஒரு சாக்கில் குந்தியிருந்து, யாருக்கும் தெரியாமல் அழுதார். யாருக்கும் தெரியாமல் என்று அவர்தான் நினைத்தார்; உள்ளே குரல் நன்றாக எதிரொலிக்கும்.

அழுது முடித்து இரண்டு சபைக்காரருக்கும் கடுதாசி எழுதினார். தன் மில்லைப் பற்றி இனி நல்லதோ கெட்டதோ ஒரு சொல்லும் பேசவேண்டாம், தான் வெளியே வந்தால் போதும் என்று கெஞ்சியிருந்தார். இதுதான் அவர் செய்த இரண்டாவது பிழை. சிற்றம்பலம் கடுதாசியைச் சபையில் முழுதாக வாசித்து, வரி ஒரு மனிதனின் வாயை எப்படி அடைத்துவிட்டது என்று பாருங்கள் என்றார். மயில்வாகனம் அதையே தன் சபையில் வாசித்து, பேசவேண்டாம் என்கிறவன் எதை மறைக்கிறான் என்று பாருங்கள் என்றார். உள்ளே கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு அறை. கதவு ஒரு சாணும் இரண்டு விரலும். அன்னபாக்கியத்தின் இடுப்பு அதில் முக்கால் மணித்தியாலம் இறுகி நின்ற பிறகு, வேலையாட்கள் எல்லோரும் வெளியே வந்து வயலுக்குத் திரும்பினார்கள்.

புரட்டாதியில் இருவரும் நேரில் வந்தார்கள், ஒருவர் காரில், மற்றவர் ஜீப்பில். ஒரே நாளில் வந்தது தற்செயல் என்று இருவருமே சொன்னார்கள். யோகலிங்கம் கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு கதைத்தார்.

“ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்ர மில்லை விட்டிட்டு வேற மில்லொண்டைச் சொல்லுங்கோவன். ஒட்டுசுட்டானிலயும் ஒண்டு இருக்குது.”

“அது ஓடுறேல்லையே” என்றார் சிற்றம்பலம். “உம்மட மில் வளருது. நீர் வெளியில வந்து கதவைப் பூட்டினால் நான் எதைக் காட்டிக் கதைக்கிறது?”

“நீர் அவசரப்படாதையும்” என்றார் மயில்வாகனம். “இப்ப இலங்கையிலேயே ஒருத்தற்ர கையும் பெல்ற்றுக்குள்ள போகாத மில் உம்மடதுதான்.”

“ஆக்கள் ஒருத்தரும் இல்லையே ஐயா.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

இருவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் சண்டை பிடித்தார்கள், மரியாதையான சண்டை. பிறகு இடுக்கில் தெரிந்த அவருடைய விரல்களை ஆளுக்கொரு தரம் குலுக்கிவிட்டு, வியாழக்கிழமை வரவுசெலவு விவாதம், இருவருக்கும் பேச நேரம் கிடைத்திருக்கிறது, உம்மை மறக்கமாட்டோம் என்று சொல்லிப் போனார்கள்.

அது திங்கட்கிழமை. வியாழன் இருவரும் பேசினால் கதவில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்க்கப் படிப்புத் தேவையில்லை. செவ்வாய் முழுக்க யோகலிங்கம் இடுக்கை விட்டு அசையவில்லை. அவருக்கு இப்போது மில்லைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் யோசனையில்லை. கமலாசனியின் முகத்தை முழுதாகப் பார்க்கக்கூடிய நாட்கள் இரண்டு இருக்கின்றன என்பதுதான் யோசனை. அதை வாயால் சொல்ல அவருக்கு வெட்கம்.

“இஞ்சேர், நீ அளவெட்டிக்குப் போ. கொண்ணன் பாப்பார்.”

“அண்ணன்ர பெண்சாதி பாக்கமாட்டா.”

“பகிடி விடாத. இது திறபடாது. நான் முடிஞ்சுபோன ஆள்.”

“விடிய என்ன சாப்பிட்டனீங்கள்?”

“கமலா, நான் என்ன சொல்லுறன், நீ என்ன கேக்கிறாய்?”

“கேட்டதுக்குச் சொல்லுங்கோ.”

“உமி வாசம்” என்றார் அவர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு கமலாசனி சட்டி, அகப்பை, அம்மிக்குழவி, இரண்டு பேட்டுக்கோழி, ஒரு சேவல், மிளகாய்த்தூள் டின், கத்தரி விதை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இடுக்கால் உள்ளே கொடுத்தாள். அம்மி கொள்ளவில்லை, அது இன்னும் வெளியேதான் கிடக்கிறது. அவர் உள்ளேயிருந்து வராதே, வராதே என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தார். பிறகு அன்னபாக்கியம் அவளைச் சேலையால் மறைத்து நின்று நல்லெண்ணெய் பூசிவிட்டாள்.

“பிள்ளை, போனால் வரேலாது. வடிவா யோசிச்சியோ?”

“ஓம் அக்கா. அந்த ஆளுக்குத் தேத்தண்ணி போடவும் தெரியாது” என்று சொல்லி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, தலையைச் சரித்து, இடது தோளை முதலில் வைத்துக் கமலாசனி போனாள். காதுத்தோட்டில் ஒன்று கதவு நிலையில் மாட்டிக் கழன்று வெளியே விழுந்தது. எடுத்து நீட்டினார்கள். “வைச்சிருங்கோ” என்று குரல் மட்டும் வந்தது.

வியாழன் இருவரும் பேசினார்கள். மாலைச் செய்தியில் தேத்தண்ணிக்கடை வானொலி சபை ஒத்திவைக்கப்பட்டதாகச் சொன்னபோது, கதவு நாலு விரல் அகலமும் ஒரு முழ உயரமும் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதே அளவு. அதற்குக் கீழே குறைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

மில் நிற்கவில்லை. ஊருக்கு அரிசி வேண்டும். உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் பிழைப்பு வேண்டும். தகரத்தில் புனல் செய்து இடுக்கில் வைத்து நெல்லை ஊற்றினால், இரண்டாம் நாள் அரிசி அதே இடுக்கால் வரும். நல்ல அரிசி, குருணி குறைவு. உள்ளே மழை பெய்கிறது, கத்தரி காய்க்கிறது, பின்சுவரைத் தேடி யோகலிங்கம் மூன்று நாள் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார், காணவில்லை. இப்படிக் கமலாசனி இடுக்கடியில் இருந்து சொல்வாள். கேட்கிறவர்கள் மழை எப்படி, மேற்கு மழையா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தங்கள் சொந்தக்காரரைப் பார்க்க மாங்குளத்தால் வருகிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் கேட்பது மில்லைத்தான். அறுபத்துநாலு தையில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. அன்னபாக்கியம் இடுக்கில் வாயை வைத்து ஒரு பகல் முழுவதும் சொல்லிக் கொடுத்தாள், யோகலிங்கம் சொன்னபடி செய்தார். பெட்டைப்பிள்ளை. மூன்றாம் மாதம் ஒரு சிறிய கை, தவிடு படிந்தது, இடுக்கால் வெளியே வந்து அப்புத்துரையின் மீசையைப் பிடித்தது.

செய்தி சிற்றம்பலத்துக்கும் போயிற்று. சந்தோஷம் தாங்காமல் அடுத்த அமர்விலேயே, நெருக்கடிகளுக்கு மத்தியிலும் அந்த மில்லில் ஆட்தொகை ஐம்பது வீதம் அதிகரித்திருக்கிறது என்று அறிவித்தார். அன்று நாலு மணிக்கு கமலாசனி இடுக்கடிக்கு வந்து, மூச்சு வாங்க, அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஏணை கட்டியிருந்த அறை தள்ளிப் போயிட்டுது. பிள்ளை அழுறது கேக்குது. நடந்து போய்ச்சேர முக்கால் மணித்தியாலம் செல்லுது. இவர் தூக்கப் போயிருக்கிறார். கயிறு இருந்தால் தாங்கோ. இனிமேல் ஒரு முனையை ஏணையிலயும் மற்றதை என்ர இடுப்பிலயும் கட்டிவிடப் போறன்.”

“எவ்வளவு கயிறு, பிள்ளை?”

“இருக்கிறதெல்லாம்” என்றாள்.

கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து கயிற்றுக்கட்டைத் தூக்கிவந்து முனையை இடுக்கில் விட்டார்கள். உள்ளே இழுத்தாள். கட்டுக் கட்டாக முடிந்து கொடுத்தார்கள். பொழுது படும்வரை கயிறு போய்க்கொண்டிருந்தது. இப்போது சங்கக்கடையில் சீனி இல்லாத நாள் உண்டு, மண்ணெண்ணெய் இல்லாத நாள் உண்டு, கயிறு இல்லாத நாள் இல்லை. பட்ஜெட் மாதத்தில் மனேச்சர் கயிறு இரண்டு மடங்கு எடுப்பிக்கிறார்.