பழைய ஸ்டாப்பிங்

அமலன் விடிவதற்கு முன்பே எழுந்தான். லைட்டைப் போட்டான். மோட்டாரை ஓடவிட்டுப் பல் துலக்கினான். பால் காய்ச்சி, காபித்தூளைக் கலக்கி, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்தபோது காதோரம் வெட்டிக்கொண்டது. துண்டால் அழுத்திப் பிடித்தான். ரத்தம் நின்றது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். லைட்டை அணைத்தான்.

அந்தச் சுவிட்ச் போர்டில் ஆறு சுவிட்சுகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் மனைவி ஜெர்சி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத்தான் லைட்டைக் கண்டுபிடிப்பாள். ஃபேன் சுற்றும். வாசல் விளக்கு எரியும். "ஏதாச்சும் ஒண்ணு எரியுதுல்ல, வுடு" என்பாள். இப்போது ஒரே தட்டில் வேலை முடிந்துவிடுகிறது.

அன்று அவளுக்கு முப்பதாம் நாள் பூசை. வாலாஜாபாத் பக்கம், அவள் அண்ணன் சூசைராஜின் ஊர் மாதா கோயிலில்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் பங்க் ஓரமாகப் பூமாரி நின்றிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் கம்பெனியில் ஜெர்சியோடு ஒரே லைனில் வேலை செய்தவள். பூசைக்கு நானும் வரட்டுமா என்று அவளாகத்தான் கேட்டாள். பஸ் வந்ததும் முதலில் ஏறி, ஜன்னல் சீட்டில் தன் பையைத் தூக்கிப் போட்டாள். கம்பெனி பஸ்ஸில் அப்படித்தான் தோழிக்குச் சீட்டுப் பிடித்து வைப்பார்கள். போட்ட பிறகுதான் யாருக்குப் போட்டோம் என்று உறைத்தது போல. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அமலன் இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்தான். அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ஒரு மாதமாகக் கேட்காமலே இருந்தான்.

ஜெர்சிக்கு மன அழுத்த நோய் வந்தது போன வருஷம். காரணம் என்ன என்று ஊரே கேட்டது. குழந்தை இல்லையா, மாமியார் கொடுமையா, நீ குடிக்கிறாயா? ஒன்றும் இல்லை. வந்தது, அவ்வளவுதான். சுவரைப் பார்த்துப் படுத்தாள். பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினாள். நோய் மாத்திரைகளுக்குக் கேட்கவில்லை. ஷாக் ட்ரீட்மென்ட் கொடுக்கலாம் என்றார் டாக்டர். சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்க ஊசி போட்டுத்தான் கொடுத்தார்கள். வலியில்லை, அலறல் இல்லை.

"மறதி வரும்ங்கிறாங்களே சார்?"

"கொஞ்சம் இருக்கும். போயிடும்."

"எதெது மறக்கும்?"

டாக்டர் செல்ஃபோனைப் பார்த்தார். அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

ஆறாவது தடவை முடிந்த அன்று ஜெர்சி எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு கேட்டாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பே இல்ல, எவன்டா சமைச்சது?" என்றாள். சமைத்தவன் வராண்டாவுக்குப் போய் அழுதான்.

அவள் வந்துவிட்டாள். ஆனால் வெறுங்கையோடு வந்தாள். படுத்துக் கிடந்த மூன்று மாதமும் அவள் தலையில் இல்லை. அதற்கு முன்னாலும் அங்கங்கே ஓட்டை. "நம்ம கல்யாணத்துல மழ பேஞ்சுச்சா?" என்று கேட்டாள். நனைந்துகொண்டே எடுத்த போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், ஒரு சாதாரண வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுவாள். கரண்டி என்பதற்கு விரலைச் சுழற்றிக் காட்டுவாள். சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "என் மெமரி கார்ட ஃபார்மட் பண்ட்டாங்கப்பா" என்று அவளே சிரித்தாள். சிரித்தாளே என்று அவனும் சிரித்தான்.

டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. எந்த நிற ஒயர் எந்த ஓட்டையில் என்று கண்ணை மூடிக்கொண்டு செருகியவள், இப்போது கையில் ஒயரை வைத்துக்கொண்டு விழித்தாள். கட்டிய ஒயருக்கு மேல் டேப் சுற்றும் வேலையில் போட்டார்கள். சூப்பர்வைசர், "ஏம்மா, இன்னிக்கும் பவர் கட்டா?" என்று கேட்பானாம். லைனே சிரிக்குமாம். அதை அவள் மறக்கவில்லை. மறக்க வேண்டியதை அந்தக் கரண்ட் தொடவே இல்லை.

அவள் படுத்திருந்த மாதங்களில்தான் ரோட்டை அகலப்படுத்தி நடுவில் தடுப்புச் சுவர் வைத்தார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் டீக்கடை வாசலில் நின்ற கம்பெனி பஸ், எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்கில் நிற்க ஆரம்பித்தது. லீவில் இருந்தவளுக்கு அதை யார் சொல்வது? அமலன் சொன்னான். ஒரு வாரம் தினமும் கைப்பிடித்து, மேம்பாலம் கட்டும் இடம் வரை போய்ச் சுற்றி, ஏற்றிவிட்டான். அடுத்த வாரம் அவன் கம்பெனியில் அவனுக்கு நைட் ஷிஃப்ட். அங்கிருந்தே விடிகாலையில் ஃபோன் செய்தான்.

"ஸ்டாப்பிங் அந்தப் பக்கம். ஞாபகமிருக்கா?"

"தெரியும்ப்பா. நான் இன்னா கொழந்தையா?"

அன்று காலை அவள் பழைய டீக்கடை வாசலில் நின்றாள். எதிர்ப்பக்கம் பஸ் நின்றது. தடுப்புச் சுவரைத் தாண்டி ஓடினாள். அந்தப் பக்கமாக டேங்கர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

கோயில் நிறைந்திருந்தது. பூசை தொடங்குவதற்கு முன், சாமியாருக்கு உதவும் உபதேசியார் மைக்கில் வாசித்தார்: "தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஜெர்சியின் ஆன்மா இறைவனின் மன்னிப்பைப் பெற வேண்டுமென்று, அண்ணன் சூசைராஜ் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை."

அமலன் எழுந்து நின்றான்.

"யாருய்யா சொன்னது?"

குரல் கூரையில் மோதித் திரும்பியது. ஒரு மாதமாக அவனுக்குள் ஒன்றுமே இல்லாதிருந்தது. அழுகைகூட. இது எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சூசைராஜ் ஓடிவந்து கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். பூமாரி பின்னாலேயே வந்தாள்.

"இன்னா மாப்ள இது? சாமியார் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

"யாரக் கேட்டு அப்படி எழுதிக் குடுத்த?"

மச்சானிடம் அவன் நீ என்று பேசியது அதுவே முதல்முறை.

"யாரக் கேக்கணும்? ஊருக்கே தெரியும். லாரிக்கு எதுர்ல ஓடுனா இன்னா அர்த்தம்? மூடி மறைச்சா மன்னிப்பு கெடைக்குமா? எனக்கும் அவ தங்கச்சிதான்யா."

"அவ சாக ஓடல. ஸ்டாப்பிங் மாறுனது மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா! கரண்ட் வைக்காதடான்னு தலதலயா அட்ச்சிக்கினேன். ஜெபக்கூட்டத்துக்கு இன்னும் இட்டுகினு வான்னேன். நீ பட்ச்சவன், கேப்பியா? மூளைய வறுத்துக் குட்த்துட்டு, இப்ப மறதின்றியா?"

"உன் ஜெபக்கூட்டத்துல ஒரு மாசம் உக்காந்தா. ஒரு வாய் தின்னாளா? அந்தக் கரண்ட் வச்சப்புறம்தான் தின்னா. சிரிச்சா. உப்பு இல்லன்னு என்னத் திட்டுனா. அது அவளத் திருப்பிக் குடுத்துச்சு மச்சான்! என்னத்த எடுத்துக்கும்னுதான் ஒருத்தனும் சொல்லல. கொஞ்சம் மறதின்னான் ஒருத்தன். வேலைக்குப் போலாம்னு கையெழுத்துப் போட்டான். இன்னொருத்தன் அவள நிக்க வச்சு சிரிச்சான். தனியா ரோட்டுக்கு அனுப்பாதன்னு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, எந்த நாயாவது சொல்லுச்சா?"

சூசைராஜ் குரலைத் தாழ்த்தினார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"நீதான மாப்ள போலீஸ்ல சொன்ன? அன்னிக்கு ஃபோன்ல ஸ்டாப்பிங் அந்தப் பக்கம்னு சொன்னியாம். அவ தெரியும்னாளாம். தெரிஞ்சவ எதுக்கு இந்தப் பக்கம் வந்து நின்னா? சொல்லு. நீ பாத்தியா?"

அமலன் அப்போது ஷிஃப்டில் இருந்தான். பார்க்கவில்லை. இதே கேள்வியைத்தான் ஒரு மாதமாகக் காலையில் பல் துலக்கும்போது, லைன் ஓடும்போது, சோறு பிசையும்போது அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரிந்த பூமாரி பங்க் ஓரமாகத் தினமும் பஸ் ஏறினாள். தப்பான பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

"நான் பாத்தேன்" என்றாள் பூமாரி.

"நீ யாரும்மா?"

"அக்காகூட டேப் சுத்துதவ. அன்னைக்குப் பஸ்ஸுல இருந்தேன்."

"போலீஸ் கேட்டப்ப எங்க பூட்ட?"

"என்ட்ட யாரு கேட்டா? சூப்பர்வைசர் எல்லாரையும் உள்ள போங்கன்னுட்டாரு. லைன் நிக்கக் கூடாதாம். அண்ணனும் ஒரு வார்த்த கேக்கல." அமலனைக் காட்டினாள். அவள் குரலிலும் கோபம்தான் இருந்தது. "எதுத்தாப்புல பழைய டீக்கடைல அக்கா நிக்காவ. எப்பவும்போல டிபன் பையோட நிக்காவ. நான் ஜன்னல் வழியாக் கையக் காட்டுதேன். பஸ்ஸப் பாத்ததும் நெத்தில படீர்னு அடிச்சுக்கிட்டாவ. நாக்கக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சாவ அண்ணே. டிரைவர் வண்டிய எடுக்கப் போனாரு. அப்பதான் கத்துனாவ."

அமலன் அவள் முன்னால் போய் நின்றான். உள்ளே பூசை மணி அடித்தது.

"என்ன கத்துனா? நீயா எதையும் சேக்காத. எனக்கு ஆறுதல் வேணாம். அவ சொன்னது மட்டும் சொல்லு."

பூமாரி சூசைராஜை நேராகப் பார்த்தாள். பிறகு ஜெர்சி சொன்ன மாதிரியே, அந்த ஊர்ப் பேச்சிலேயே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"டிரைவரண்ணே, நில்லுங்க! ஏய் பூமாரி, ஜன்னல் சீட்ல பையப் போட்டு வைடி, தோ வந்துட்டேன்!"