தெரியும் தூரம்

சஃபீனா கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது உம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதளா. ஏர்போர்ட்டு தெரியுதுல்லா? உங்க வாப்பா எறங்குற வரைக்கும் ஓடட்டும்."

தாராவியின் அந்த ஒற்றை அறையில், மேசைக்குப் பக்கத்திலேயே பைசானைக் கபன் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. வெள்ளத் தண்ணீரில் நடந்து எலிக்காய்ச்சலை வாங்கிக்கொண்ட தம்பி. பாழாய்ப்போன காய்ச்சல் ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை.

திரையில் இருந்தது அவனுடைய விமான விளையாட்டு. காலையில் உம்மாதான் போடச் சொன்னாள். நிஜ வானிலையை எடுத்துப் போடும் ஆட்-ஆன் ஒன்றை அவன் அதில் சேர்த்திருந்தான். விமான நிலையம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அறிவிக்கிறதோ, அவ்வளவு தூரம்தான் திரையிலும் தெரியும். போன தடவை வாப்பா துபாய்க்கு ஏறிய அன்று அடைமழை. பைசான் இதைப் பார்த்துவிட்டு, "பிளேன் கெளம்பிரும்மா" என்றான். கிளம்பியது. அன்றிலிருந்து உம்மாவுக்கு அந்தத் திரை சொன்னால் சொன்னதுதான்.

வெளியே மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. திரையிலோ ஓடுபாதை கடைசி விளக்கு வரைக்கும் துலக்கமாக இருந்தது.

ஜமாஅத் தலைவர் நாகூர் கனி வாசலில் குடையை மடக்கினார். "பேகம், மையித்த ரொம்ப நேரம் வைக்கப்படாதும்மா. மத்தியானம் லுஹர் தொழுகையோட எடுத்துருவோம்."

"அவுக வந்துருவாக காக்கா. இங்கனதான் மழ. அங்க வானம் வெறிச்சிருக்கு, பாருங்க."

தம்பி சஃபீனாவிடம் முன்பே சொல்லியிருக்கிறான்: "ரிப்போர்ட்டு அரை மணிக்கு ஒருக்காதான் ராத்தா. நடுவுல கொட்டுனா இதுக்குத் தெரியாது. புது நம்பர் வந்தாலும் படக்குன்னு மறைக்காது, கண்ண உறுத்தும்லா? கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கும்." இதை உம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? பெற்றவள் பிள்ளையின் சொல்லையல்லவா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் கடைசி விளக்குகள் மங்கின. அப்புறம் நடு விளக்குகள். உம்மா முக்காட்டு நுனியால் திரையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

போன் அடித்தது. சஃபீனா ஸ்பீக்கரில் போட்டாள். வாப்பா.

"எறக்க முடியாம அகமதாபாத் கொண்டாந்துட்டானுவ. ரன்வே தெரியலையாம். இனி ரயிலப் புடிச்சாலும் ராத்திரி ஆயிரும்மா."

கனி வாசலைத் திரும்பிப் பார்த்தார். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க வந்தவர்கள் மழையில் நனைந்தபடி நின்றார்கள். உம்மா மகன் மேல் கவிழ்ந்து விழுந்தாள்.

"எடுக்க விடமாட்டேன்! பெத்த தகப்பன் மொகத்தப் பாக்காண்டாமா? பாக்காம எம்புள்ளயக் கொண்டுபோவ விடமாட்டேன்!"

"வீடியோவுல காட்டும்மா" என்றார் வாப்பா.

சஃபீனா வீடியோ பொத்தானை அழுத்தி, போனைத் தம்பியின் முகத்துக்கு மேலே பிடித்தாள். கண்ணீரில் போன் திரை மங்கிக் கிடந்தது.

"தெரியுதா வாப்பா?"

அந்தப் பக்கம் ஏதோ அறிவிப்பின் இரைச்சல்.

"தெரியுதும்மா. தெளிவாத் தெரியுது. தூங்குத மாதிரில்லா இருக்கான்." குரல் நின்று வந்தது. "பேகம், நான் பாத்துட்டேன். நேரமாக்காத. மூடச் சொல்லு."

உம்மா பிடியை விட்டாள். கனி துணியை இழுத்து முகத்தை மூடி முடிச்சிட்டார். சந்தூக் உயர்ந்தது. கலிமா சொல்லும் குரல்கள் சந்துக்குள் இறங்கின.

சஃபீனா அப்போதுதான் போனைத் திருப்பிப் பார்த்தாள். கேமரா பொத்தானின் குறுக்கே ஒரு கோடு கிடந்தது. வீடியோ போகவே இல்லை.

வாப்பா இன்னும் லைனில்தான் இருந்தார்.