ஏழாவது குழாய்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். நாளடைவில் அதுவும் நீளமாகப் பட்டதோ என்னவோ, வெறும் பூச்சியாக்கிவிட்டார்கள். கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறை அவளுடையது. கூட வேலை பார்த்தவள் மாற்றலாகிப் போன மறுவாரமே, இரண்டாவது நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு வருஷமாக அவள் ஒரு பாலிமரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி வந்த சதையில் கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கும். நல்ல இடத்தில் சுருண்டு கிடக்கும் இந்தப் பாலிமர், புளிப்பைக் கண்டதும் அவிழ்ந்து, தன் மடியில் வைத்திருக்கும் உலோகத்தைத் தண்ணீரோடு சேரவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். கட்டி கடுகளவு இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் நம்பினாள்.

அன்று ஏழு குழாய்களை ஸ்கேனில் வைத்தார்கள். ஏழிலும் பாலிமர் உண்டு. ஆறில் வெவ்வேறு அளவு புளிப்பு. ஏழாவதில் வெறும் உப்புத் தண்ணீர். அது இருட்டாகவே இருக்க வேண்டும். ஸ்கேன்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏழாவதும் வெள்ளை.

"என்னங்க இது, யாரைப் பார்த்தாலும் பல்லைக் காட்டுது?" என்றார்.

பிரிவுத் தலைவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நல்ல சதையிலயும் வெளிச்சம் காட்டினா, இல்லாத கட்டிக்கு ஒருத்தர் வயித்தைக் கிழிச்சிடுவாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லேன்னா இதை மூட்டை கட்டிடலாம்."

பாலிமர் தூளைச் சோதித்தாள், உப்பை மாற்றினாள், குழாய்களை மூன்று தரம் கழுவினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை ஏழாவது குழாயைப் புதிதாகத் தயார் செய்து, பி.எச். மீட்டரின் குச்சியை உள்ளே விட்டு உட்கார்ந்தாள். தூள் கரைய நாற்பது நிமிஷமாகும். புளிப்பு ஏற ஏற மீட்டரில் எண் இறங்கும். எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கும் அக்கா போனை எடுக்கலை. நாலு மாசமாச்சு. நான் அப்படி என்ன சொல்லிட்டேன்னு நீயே சொல்லு."

சொல்லிவிட்டுத்தான் கவனித்தாள். திறந்த குழாயின் மேல் குனிந்து அதனிடம் பேசிக்கொண்டிருந்தது அவள்தான். சட்டென்று வாயை மூடினாள். எண் நின்றது.

மூச்சுக் காற்று! வெறும் உப்புத் தண்ணீர் அதை வாங்கிப் புளித்திருக்கிறது. ஸ்கேனுக்குத் தயார் செய்த அன்றும் இப்படித்தான் பேசியிருப்பாள். மற்ற ஆறிலும் புளிப்பை மாறவிடாத மருந்து கலந்திருந்ததால் அவை அசையவில்லை. பாலிமர் பொய் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பாலிமர்! சந்தோஷத்தில் எழுந்தவள், காரணத்தைக் காகிதத்தில் எழுத வேண்டுமே என்று நினைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

'குழாய் திறந்திருந்தது' என்று மட்டும் எழுதிப் பார்த்தாள். ஆனால் ஆள் இல்லாமல் திறந்து வைத்துப் பார்த்த குழாயில் எண் இவ்வளவு இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? எழுதியதை அடித்துவிட்டு உள்ளதை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தலைவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "'ஆய்வாளர் நாற்பது நிமிடம் குழாயின் மேல் குனிந்து பேசிக்கொண்டிருந்தார்.' யாரோட பேசினீங்க?"

"குழாயோடதான் சார்."

"நம்ம பூச்சியா? நாப்பது நிமிஷமா?" என்றார் ஸ்கேன்காரர். அறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

"போகட்டும், உங்க பாலிமர் பிழைச்சுது. இனிமே மூடி போட்டுட்டுப் பேசுங்கம்மா," என்றார் தலைவர். என்ன பேசினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை ஏழாவது குழாயை மூடினாள். மூடியின் துளை வழியாக மீட்டர் குச்சியை இறக்கி, இடைவெளியில்லாமல் மெழுகுத்தாள் சுற்றினாள். கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அக்கா நேத்தும்..." என்று ஆரம்பித்து மீட்டரைப் பார்த்தாள்.

எண் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.